புது ஹீட்டிங்-கூலிங் யூனிட்: முதல் தடவை ஆன் செய்யும் முன் என்ன பார்க்க வேண்டும்? (அவசரம்)

வடகாற்று (காலை 9.12)
வணக்கம். ஹாலுக்குக் குளிர், சூடு இரண்டும் தரும் யூனிட் புதிதாகப் போட்டிருக்கிறோம். ஃபிட்டிங் முடிந்துவிட்டது. பொருத்தியவர் நாளைக்குத்தான் வருவாராம். மாலை நிகழ்ச்சி இருக்கிறது. நானே ஆன் செய்துவிடலாமா? அதற்கு முன் எதையாவது பார்க்க வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிவேலை (9.20)
ஸ்பிளிட்டா (உள்ளே, வெளியே தனித்தனி யூனிட்), பேக்கேஜா (ஒரே பெட்டி)? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? சூடு எதிலிருந்து வருகிறது: ஹீட் பம்ப்பா (ஏசியே திருப்பி ஓடிச் சூடு தருவது), எலெக்ட்ரிக் ஹீட்டரா, கேஸ் பர்னரா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

எர்த்பிட் (9.26)
எதுவாக இருந்தாலும் முதலில் எர்த் பாருங்கள். எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் இன்னும் கவனம். பல நாள் சும்மா கிடந்த ஹீட்டர் ராடு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஆன் செய்ததும் லீக்கேஜ் பிரேக்கர் விழும். மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சப்ளை கொடுக்க வேண்டும்.

பழையகேஜ் (9.31)
குளிரூட்டும் கேஸ் போகும் லைனை வாக்கும் எடுத்தார்களா, அதாவது பம்ப் வைத்து உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்தார்களா? வெளி யூனிட்டில் அந்தக் கேஸை அடைத்து வைத்திருக்கும் வால்வு திறந்திருக்கிறதா? அதைச் சொல்லவே இல்லையே.

வடகாற்று (9.41)
ஸ்பிளிட்தான், டக்ட் (காற்றுக் குழாய்) போகிறது. த்ரீ ஃபேஸ். ஸ்டிக்கரில் கேஸ் ஆர்-410ஏ என்று இருக்கிறது. ஹீட் பம்ப், கூடவே டக்டுக்குள் ஹீட்டரும் உண்டு. வாக்கும், வால்வு பற்றித் தெரியாது. பாதுகாப்புக்காக ஐசோலேட்டரை (யூனிட்டின் மெயின் சுவிட்ச்) ஆஃபிலேயே வைத்திருக்கிறோம்.

தலைமைஃபிட்டர் (9.58)
மேனுவலின் முதல் சில பக்கங்களைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வாரம் ஒருவர் இப்படி வந்து நிற்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

இன்று ஓட்டாதீர்கள். ஐசோலேட்டர் ஆஃப் என்றால் கிராங்க்கேஸ் ஹீட்டரும் ஆஃப். கம்ப்ரசரின் அடியில் சுற்றியிருக்கும் அந்தச் சின்ன ஹீட்டர்தான் ஆயிலில் கரைந்துபோன கேஸைச் சூடாக்கி வெளியேற்றுகிறது. அது வேலை செய்யாமல் ஸ்டார்ட் கொடுத்தால் ஆயில் நுரைத்துப் பொங்கும், பேரிங்குக்கு ஆயில் போகாது, திரவமாகவே கேஸ் உள்ளே அடிக்கும். பெரும்பாலான மேனுவல்கள் 12 மணி நேரம் கேட்கும், சில 24 கேட்கும். உங்கள் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு.

வயரிங்கும் எர்த்தும் சரி என்று எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகு தெர்மோஸ்டாட்டை ஆஃபில் வைத்து ஐசோலேட்டரை மட்டும் ஆன் செய்யச் சொல்லுங்கள். நாளைக்குக் கம்ப்ரசரின் அடிப்பக்கம் சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதைத் தொட்டுப் பார்ப்பது ஃபிட்டரின் வேலை, உங்களுடையது அல்ல.

கம்பிவேலை (10.05)
நண்பர் அவசரத்தில் கேட்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாமே. ஆனால் சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

த்ரீ ஃபேஸ் என்பதால் இன்னொன்று. ஸ்க்ரோல் (சுருள் தகடு வகை) கம்ப்ரசராக இருந்து ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் அது தலைகீழாகச் சுற்றும். கரகரவென்று பெரிய சத்தம் வரும், ஆம்பியர் குறைவாகக் காட்டும், இரண்டு பிரஷர் கேஜிலும் முள் அசையாது. உடனே நிறுத்திவிட்டு, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு, சப்ளை பக்கம் ஏதேனும் இரண்டு ஃபேஸ் ஒயர்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற வேண்டும்.

பழையகேஜ் (10.14)
வால்வு மூடியிருந்தால் இதெல்லாம் பேசிப் பயனில்லை. பித்தளை மூடியைக் கழற்றினால் உள்ளே ஆலன் கீ போடும் குழி தெரியும். ஆழத்தில் இறங்கி இருந்தால் மூடியிருக்கிறது. பார்த்தால் போதும், திருப்ப வேண்டாம். மூடிய வால்வோடு ஓட்டினால் மோட்டாரைக் குளிர்விக்க கேஸ் வராது, கம்ப்ரசர் வெற்றிடத்தில் சுழன்று உள்ளேயே ஸ்பார்க் அடித்துப் போய்விடும்.

வாக்கும் எடுக்கவில்லை என்றாலும் பெரிய பிரச்சினை இல்லை. வெளி யூனிட்டிலிருந்து கொஞ்சம் கேஸ் விட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிடலாம். பழைய ஆர்-22 கேஸ் காலம் முழுக்க அப்படித்தானே செய்தோம்.

நைட்ரஜன் (10.22)
அண்ணே, இதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆர்-22இல் மினரல் ஆயில். ஆர்-410ஏ கூட வரும் பிஓஇ என்ற செயற்கை ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் அமிலமாகும். கேஸ் விட்டுத் தள்ளினால் காற்று போகலாம், குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் போகாது.

பழையகேஜ் (10.30)
பம்ப் போட்டுக் கேஜ் முள் கடைசிக்குப் போனால் சரி என்கிறாயா?

நைட்ரஜன் (10.44)
அதுவும் போதாது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 32,000 மைக்ரானுக்கு (வாக்குமை அளக்கும் அலகு) இறங்க வேண்டும். நாம் போக வேண்டியது 500க்குக் கீழே. சாதாரண கேஜில் இந்த இரண்டுக்கும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். மைக்ரான் கேஜ் வேண்டும். பம்ப்பை அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்: எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

அதற்கு முன் உலர்ந்த நைட்ரஜன் அடித்து, குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். அதே வெப்பத்தில் ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22ஐவிடச் சுமார் 60 விழுக்காடு அதிகம். அதில் தப்பித்த ஃப்ளேர் இதில் தப்பிக்காது.

எர்த்பிட் சொன்ன மெகரை ஹீட்டருக்கு வையுங்கள். லைன் வாக்குமில் இருக்கும்போது கம்ப்ரசருக்கு வைத்துவிடாதீர்கள்.

பழையகேஜ் (10.51)
ஈரம் பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் பழைய முறையில் போட்ட யூனிட்டுகள் இன்றும் ஓடுகின்றன தம்பி.

தலைமைஃபிட்டர் (11.03)
ஆர்-22 யூனிட்டுகள் ஓடுகின்றன. இந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்குத் தேவையானது வேறு: ஃபில்டர் போட்டிருக்கிறதா, டக்ட் டேம்பர்கள் (காற்றை மறிக்கும் தகடுகள்) திறந்திருக்கின்றனவா, டிரெயின் தட்டில் ஊற்றிய தண்ணீர் வெளியே போகிறதா. முதலில் ஃபேன் மட்டும், பிறகு கூலிங். எல்லா வென்ட்டிலும் காற்று வருவதைப் பார்த்த பிறகே டக்ட் ஹீட்டர். காற்றோட்டம் இல்லாத ஹீட்டர் தீ விபத்துக்கு வழி.

எர்த்பிட் (11.10)
வெளியே நல்ல வெயில் என்றால் ஹீட் பம்ப்பைச் சூட்டில் வெகுநேரம் சோதிக்க வேண்டாம். பிரஷர் ஏறி டிரிப் ஆகும், யூனிட்டே பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

வடகாற்று (11.35)
இன்று ஓட்டவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன். நன்றி.

வடகாற்று (மறுநாள் மாலை 6.50)
ஃபிட்டர் வந்து பார்த்தார். வால்வு இரண்டும் மூடித்தான் இருந்தன, வாக்கும் எடுக்கவே இல்லை. ஒரு நட்டில் நுரை வந்தது, சரிசெய்து வாக்கும் போட்டார். ஃபேஸ் ஒயர் இரண்டை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது கூலிங் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

நைட்ரஜன் (7.04)
மகிழ்ச்சி. மைக்ரான் எவ்வளவில் நின்றது? அடைத்து எவ்வளவு நேரம் பார்த்தார்?

நைட்ரஜன் (மூன்று நாள் கழித்து)
வடகாற்று, இருக்கிறீர்களா? அந்த எண் தெரிந்தால் எழுதுங்கள்.