காலையில மட்டும் அறுபடுற லேப்டாப் வைஃபை, இவே பில் போட முடியல. உதவி வேணும்

குமுளிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். குமுளியில அப்பாவோட ஏலக்காய்க் கடைக் கணக்கை நான்தான் பார்க்குறேன். ரெண்டு மாசமா லேப்டாப்புல வைஃபை உயிரை வாங்குது. காலையில 6 மணிக்குக் கடை திறந்ததுல இருந்து மத்தியானம் வரைக்கும் விட்டு விட்டு அறுபடுது. அறுபடாத நேரத்துல நத்தை மாதிரி ஊருது. சாயங்காலம் அதே லேப்டாப், அதே மேஜை, ஒரு குறையும் இல்லை.

போடிக்குக் காய் ஏத்துறது காலையிலதான். இங்க கேரளா, அங்க தமிழ்நாடு. மாநிலம் தாண்டுற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல போனா இவே பில் வேணும், ஆன்லைன்ல எடுக்குற சரக்குச் சீட்டு அது. ரெண்டு மூட்டை ஏத்தினாலே அந்தத் தொகை தாண்டிரும். சரக்கு விவரம் எல்லாம் அடிச்சு முடிச்சு, வண்டி நம்பர் போடப் போறப்ப நெட் போயிடும். திரும்ப லாகின், திரும்ப ஓடிபி. போன செவ்வாய்க்கிழமை மூணு தடவை இப்படி. டிரைவர் அண்ணே ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிட்டு வாசல்ல நிக்கிறாரு. அப்பா ஒண்ணும் பேசாம என் முகத்தையே பார்த்துட்டு இருக்காரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ரூட்டர் முன் ரூம்ல இருக்கு. என் மேஜை காய் தரம் பிரிக்கிற உள் ரூம்ல. நடுவுல ஒரு கருங்கல் சுவர், தூரம் 25 அடி இருக்கும். அப்பாவோட போன்ல அதே ரூம்ல வைஃபை நல்லா ஓடுது. மேஜை மேல லேப்டாப், பிரிண்டர், காலையில டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கு பேக்கப் எடுக்குற ஹார்டு டிஸ்க், வயர்லெஸ் மவுஸ், அவ்வளவுதான். மவுஸும் திக்கித் திக்கித்தான் நகருது, பேட்டரி ரெண்டு தடவை மாத்தியாச்சு. வாங்கி 4 வருஷம் ஆன லேப்டாப், விண்டோஸ் 10. இங்க காலையில பனிமூட்டம் ஜாஸ்தி, அதனால இருக்குமோ? லைன் கொடுத்தவங்க வந்து பார்த்துட்டு எங்க பக்கம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. புது லேப்டாப்தான் வாங்கணுமா?

உத்தமபாளையம் வாத்தியார்:

இப்போதைக்கு எதுவும் வாங்காதேம்மா. பனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, வீட்டுக்குள்ள 25 அடி தூரத்துல பனி ஒண்ணும் செய்யாது. குறை எந்தப் பக்கம்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை ரெண்டு தடவை திறந்து வெச்சுக்கோ. ஒண்ணுல ரூட்டர் முகவரிக்கு பிங் போடு, அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருதான்னு பாரு. முகவரி பெரும்பாலும் 192.168.1.1 தான் இருக்கும். இன்னொண்ணுல வெளியில இருக்குற கூகுள் சர்வர் 8.8.8.8-க்குப் போடு. ரெண்டையும் நிறுத்தாம ஓட விடு. ரூட்டருக்கு ஒழுங்காப் போய், 8.8.8.8-க்கு மட்டும் தடங்கல் வந்தா லைன்லதான் குறை. ரூட்டருக்கே தடங்கல்னா லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல ஏதோ இருக்கு, லைன் கொடுத்தவங்க சொல்றதும் சரி. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாரு.

அப்படியே டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுத்துடு. எங்க பள்ளிக்கூட லேப்டாப்புல பாதித் தொல்லை அதோட போச்சு.

குமுளிக்காரி:

நன்றி சார். டிக்கை எடுத்துட்டேன், பெருசா மாற்றம் இல்லை. காலையில 7 மணிக்கு ரூட்டருக்கு 100 பிங் போட்டேன், 28 திரும்பி வரவே இல்லை. வந்ததுலயும் சிலது 900 மில்லி செகண்ட் எடுத்துச்சு. சாயங்காலம் 100-க்கு 100 வந்துருச்சு, எல்லாம் 5-க்குள்ள. அப்ப லைன்ல குறை இல்லைதானே?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரன்:

லைன்ல குறை இல்லீங்க. பஜாருக்குள்ள வீடுன்னா சானலைப் பாருங்க, வைஃபை ஓடுற அலைவரிசைக்குள்ள ஒரு துண்டு அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில 1, 6, 11 மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கும். சுத்துவட்டாரக் கடை எல்லாம் 6-ல இருந்தா நீங்க 1-க்கோ 11-க்கோ மாத்திக்கோங்க. ரூட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தா முயற்சி பண்ணலாம், ஆனா கருங்கல் சுவர்னு சொல்றீங்க. அது வழியா 5 வர்றது கஷ்டம்ங்க. எங்க வீட்டுலயே மண் சுவர் தாண்டினதும் பாதி போயிருது.

கம்பம் லேப்டாப் சர்வீஸ்:

தங்கச்சி, உன் கேள்விக்குள்ளயே பதில் இருக்கு. மவுஸும் திக்குதுன்னு எழுதியிருக்கியே, அதைத்தான் சொல்றேன். வைஃபை மட்டும் கெட்டிருந்தா கார்டு, ஆன்டெனா வயர்னு தேடலாம். வயர்லெஸ் மவுஸும் கூடவே கெட்டா ரெண்டுக்கும் பொதுவான காரணம் ஏதாவது இருக்கணும். ரெண்டும் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான். காலையில மட்டும் அந்த மேஜைக்கு வர்றது உன் பேக்கப் ஹார்டு டிஸ்க்.

டிஸ்க்குல கேபிள் மாட்டுற முனையைப் பாரு. அகலமா, ரெண்டு துண்டு ஒட்டின மாதிரி இருந்தா அது யூஎஸ்பி 3. லேப்டாப்புல அது சொருகுற ஓட்டைக்குள்ள பெரும்பாலும் நீல பிளாஸ்டிக் இருக்கும். அந்தக் கேபிள்ல செகண்டுக்கு 5 கிகாபிட் வேகத்துல டேட்டா ஓடும்போது கிளம்புற இரைச்சல், 2.4 அலைவரிசை மேலயும் போய் விழும். இன்டெல் நிறுவனமே இதைச் சோதிச்சுப் பார்த்து 2012-ல அறிக்கை போட்டிருக்கு. உறை சரியில்லாத மலிவு கேபிள்னா இன்னும் மோசம். ரூட்டர்ல இருந்து வர்ற சிக்னல் கருங்கல் தாண்டி ஏற்கெனவே மெலிஞ்சுதான் உன் மேஜைக்கு வருது. அதுக்குப் பக்கத்துல இந்த இரைச்சலும் சேர்ந்தா லேப்டாப்புக்கு ரூட்டர் பேசுறது காதுல விழாது.

டிஸ்க்கை எங்க வைக்கிற? திரைக்குப் பின்னாடி சாய்ச்சு வெச்சிருந்தா அதுவும் ஒரு காரணம். நிறைய லேப்டாப்புல வைஃபை ஆன்டெனா திரையைச் சுத்தித்தான் ஓடும்.

இதே குறையோட ஒருத்தர் என் கடைக்கு வந்தப்ப, எனக்கு விவரம் தெரியாம புது வைஃபை கார்டு மாட்டிக் காசு வாங்கிட்டேன். ரெண்டே நாள்ல திரும்ப வந்தாரு. காரணம் புரிஞ்சதும் காசைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்தச் செலவு உனக்கு வேண்டாம்னுதான் இவ்வளவு எழுதுறேன்.

டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு பிங், மாட்டிட்டு ஒரு பிங், நீலம் இல்லாத யூஎஸ்பி 2 ஓட்டையில மாட்டிட்டு ஒரு பிங் எடு. அப்பா போனையும் டிஸ்க் பக்கத்துல ஒட்டி வெச்சுப் பாரு.

குமுளிக்காரி:

அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன். டிஸ்க் திரைக்குப் பின்னாடிதான் சாஞ்சு இருந்துச்சு, பேக்கப் முடிஞ்சும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கழட்டாம விட்டுருவேன்.

ஒவ்வொரு தடவையும் ரூட்டருக்கு 100 பிங். நீல ஓட்டையில டிஸ்க் மாட்டி இருக்கும்போது 31 வரலை. கழட்டினேன், ஒண்ணு கூடத் தப்பலை. வலது பக்க யூஎஸ்பி 2 ஓட்டையில மாட்டினேன், ஒண்ணே ஒண்ணு தப்புச்சு. நீல ஓட்டையிலயே வெச்சு டிஸ்க்கை மட்டும் ரெண்டு அடி தள்ளி வெச்சா 6 தப்புது. அப்பா போனை டிஸ்க் மேலயே வெச்சேன், அதுலயும் வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. எடுத்து அரிசி டப்பா மேல வெச்சா ஓடுது. மவுஸ் இப்ப வழுக்கிட்டுப் போகுது.

யூஎஸ்பி 2-ல பேக்கப் 40 செகண்டுக்குப் பதில் 3 நிமிஷம் ஆகுது. ஆகட்டும். பேக்கப் முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டி அலமாரியில வெச்சுடுறேன். கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்ன மாதிரி சானலை 6-ல இருந்து 11-க்கு மாத்தினேன், வேகமும் கொஞ்சம் கூடியிருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் கருங்கல் தாண்டி ஒரு கோடுதான் காட்டுது, விட்டுட்டேன்.

இன்னைக்கு இவே பில் ஒரே தடவையில வந்துருச்சு, 6.40-க்கு வண்டி கிளம்பிருச்சு. அப்பா உள்ள வந்து, என்னம்மா செஞ்சேன்னு கேட்டு, டிஸ்க்கைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். சுவத்துல இன்வெர்ட்டர் வயர் போற ஓட்டை ஒண்ணு இருக்கு. அது வழியா லான் கேபிள் இழுத்து லேப்டாப்புல நேரா மாட்டிடலாமா?

கம்பம் லேப்டாப் சர்வீஸ்:

தாராளமா. லான் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், உனக்கு 15 மீட்டர் போதும். ஆனா கரண்ட் வயர் போற குழாய்க்குள்ள மட்டும் விடாத. பக்கத்துல தனி ஓட்டை போட்டு, தனிக் குழாய்ல கொண்டு போ.