ஓஎஸ் போட்டாச்சு, சர்வர் எழவில்லை: உங்களுக்கு எங்கே நின்றது?

"இன்ஸ்டால் முடிந்தது, ரீபூட் கொடுத்தேன், சர்வர் வரவில்லை" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திரையில் கடைசியாக என்ன இருக்கிறது? பல பேரிடமிருந்து வரும் பதில், "பார்க்கவில்லை, திரும்பவும் ஓஎஸ் போட ஆரம்பித்துவிட்டேன்". எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். இரண்டாவது தடவை சில நேரம் சரியாகிவிடும்தான். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த சர்வரும் அதே இடத்தில் வந்து நிற்கும்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் வரும் வரை வேலை கைமாறிக்கொண்டே போகிறது. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடும் நிரலான பூட்லோடரைத் தேடிப் பிடிக்கும். லினக்ஸில் அந்த பூட்லோடர் பெரும்பாலும் கிரப். அது வந்து, ஓஎஸ்ஸின் மையமான கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்புப் பொட்டலத்தையும் ரேமில் ஏற்றும். அந்தப் பொட்டலத்தில் உள்ள டிரைவர்களைக் கொண்டுதான் கர்னல் டிஸ்க்கைக் கண்டுபிடித்து ஓஎஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத் திறக்கும் (மவுன்ட் செய்யும்). எந்தக் கையில் நின்றுபோனது என்பதைத் திரையே சொல்லிவிடும். "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றால் கிரப் வரைக்கும்கூடப் போகவில்லை. "கிரப் ரெஸ்க்யூ" வந்தால் கிரப்பின் முதல் பாதி மட்டும் கிடைத்திருக்கிறது. "டிராகட்" (இனிட்ராம்எஃப்எஸ் பொட்டலத்தைக் கட்டும் கருவி) என்று முன்னால் போட்டு, கட்டளை அடிக்கும் ஷெல் ஒன்று காத்திருந்தால், கர்னல் வந்துவிட்டது, டிஸ்க்தான் தெரியவில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, எல்லாம் சரிபார்த்து, ஒரு சர்வரை ரேக்கில் ஏற்றத் தயாராக வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் அதன் பவர் சப்ளை பகுதி தகராறு செய்தது. பக்கத்திலேயே அதே மாடலில் இன்னொரு பெட்டி இருந்தது. டிஸ்க்குகளைக் கழற்றி அதில் மாட்டினோம். அதே மாடல், அதே ரேம், அதே கன்ட்ரோலர். திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்". கன்ட்ரோலரின் பக்கத்தில் பார்த்தால் டிஸ்க்குகள் பச்சையாக, ஆரோக்கியமாக இருக்கின்றன.

யூஈஎஃப்ஐ என்ற இன்றைய ஃபர்ம்வேர் முறையில் இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு வேலை நடக்கிறது. டிஸ்க்கில் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட்லோடர் கோப்பு போய் உட்காருகிறது. கூடவே, "இந்த டிஸ்க்கில், இந்த ஃபோல்டரில், இந்தக் கோப்பை எடு" என்ற பதிவு மதர்போர்டில் பவர் போனாலும் அழியாத என்விரேம் நினைவகத்தில் எழுதப்படுகிறது. டிஸ்க்கைப் பிடுங்கி வேறு பெட்டியில் போட்டால் கோப்பு கூடவே வரும், பதிவு பழைய போர்டிலேயே தங்கிவிடும். பதிவு இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் ஒரு பொதுவான இடத்தில் தேடிப் பார்க்கும்: ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. ரெட்ஹேட் குடும்ப லினக்ஸ்கள் (ராக்கி, அல்மா, சென்ட்ஓஎஸ்) அங்கேயும் ஒரு நகலை வைத்துவிடுகின்றன. டெபியன் 12 நாம் சொன்னால் ஒழிய வைப்பதில்லை. அதனால் ஃபர்ம்வேரின் கண்ணுக்கு அந்த டிஸ்க் வெறும் டிஸ்க்.

அந்தச் சர்வரில் யூஈஎஃப்ஐ ஷெல் இருந்தது. உள்ளே போய், ஃபர்ம்வேரால் படிக்க முடிகிற முதல் பார்ட்டிஷனின் பெயரான எஃப்எஸ்0 என்று அடித்து, ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் டெபியன் ஃபோல்டரைத் திறந்தால், கிரப்பை ஏற்றிவிடும் ஷிம், கிரப் ஆகிய இரண்டு கோப்புகளும் பத்திரமாக இருந்தன. ஷிம் கோப்பின் பெயரை முழுதாக அடித்து என்டர் தட்டினேன். கிரப் மெனு வந்தது, கர்னல் வரிகள் ஓடின, லாகின் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன், "அப்போ ஓஎஸ் நல்லாத்தான் இருந்ததா சார்?" என்றான். ஆமாம், டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் கெடவில்லை. ஷெல் இல்லாத சர்வர்களில் பயாஸ் (ஃபர்ம்வேர் அமைப்பு) மெனுவிலேயே கோப்பைத் தேர்ந்தெடுத்து பூட் செய்யும் வசதி பெரும்பாலும் இருக்கும்.

உள்ளே போன பிறகு கிரப் இன்ஸ்டாலை ஒருமுறை ஓட்டினால் புதிய போர்டில் பதிவு வந்துவிடும். நான் அதோடு விடுவதில்லை. டெபியனில் கிரப் பேக்கேஜை மறுபடி கான்ஃபிகர் செய்தால், பொதுவான இடத்திலும் ஒரு நகல் வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அந்த நகலும் புதுப்பிக்கப்படும். ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும்போது சில போர்டுகள் பதிவுகளைத் துடைத்துவிடும், அப்போதும் இந்த நகல்தான் காப்பாற்றும்.

உங்களுக்கு எங்கே நின்றது, எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கும் அதே "நோ பூட்டபிள் டிவைஸ்"தான், காரணம் மட்டும் வேறு.

நன்கொடையாக வந்த பழைய ரேக் சர்வர், அதில் புதிதாக 4 டிபி டிஸ்க். உபுண்டு போட்டோம், பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது, பென்டிரைவைப் பிடுங்கி ரீபூட் செய்தால் டிஸ்க்கே இல்லாத மாதிரி நிற்கிறது. பூட் மெனுவைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. பென்டிரைவைச் செருகினால் அதே பென்டிரைவ் இரண்டு தடவை வருகிறது. ஒன்றுக்கு முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கிறது, மற்றதில் வெறும் பெயர் மட்டும். வெறும் பெயரில் பூட் செய்தால் இன்ஸ்டாலர் லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் எழுந்து, லெகசி முறைக்கான பூட்லோடரைத்தான் எழுதும். சர்வரின் வழக்கமான அமைப்போ யூஈஎஃப்ஐ. அது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடுகிறது, டிஸ்க்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இன்ஸ்டாலருக்குள் இருக்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். ஒரு டெர்மினல் திறந்து, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டரில் ஈஎஃப்ஐ என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஈஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகசி. இப்போதெல்லாம் டிஸ்க்கைத் தொடும் முன் அதைப் பார்க்காமல் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

பயாஸை லெகசிக்கு மாற்றியிருந்தாலும் ஓடியிருக்கும். ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறை உள்ள டிஸ்க்கில் லெகசி பூட்டுக்குத் தேவையான 1 எம்பி பார்ட்டிஷனை இன்ஸ்டாலர் தானே போட்டிருந்தது. ஆனால் அந்தச் சர்வரில் இன்னும் டேட்டா எதுவும் ஏறவில்லை, இனி பல வருடம் ஓட வேண்டியது. அதனால் யூஈஎஃப்ஐயில் மறுபடி போட்டேன். காரணம் தெரிந்த பிறகு திரும்பப் போடுவதில் தப்பு இல்லை, இல்லையா அண்ணா? பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம், செக்டருக்கு 512 பைட் என்றால் 2 டிபியோடு நின்றுவிடும், எங்கள் டிஸ்க்கில் பாதி வீணாகியிருக்கும்.

இன்னொரு சர்வரில் இதைவிட விசித்திரம். பென்டிரைவ் செருகியிருந்தால் பூட் ஆகும், பிடுங்கினால் ஆகாது. பல டிஸ்க்கைச் சேர்த்து ஆளும் ரெய்டு கன்ட்ரோலரின் டிரைவர் கொஞ்சம் தாமதமாக ஏறியதால், லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வரிசையாக வைக்கும் பெயர்களில் பென்டிரைவ்தான் எஸ்டிஏ, நிஜ டிஸ்க் எஸ்டிபி. பூட்லோடர் போய் உட்கார்ந்ததோ எஸ்டிஏவில். பென்டிரைவோடு பூட் செய்து, கிரப்பைச் சரியான டிஸ்க்கில் எழுதியதும் தீர்ந்தது. பெயரைப் பார்க்காமல் கொள்ளளவைப் பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். 4 டிபிக்கும் 16 ஜிபிக்கும் குழப்பம் வராது.

* * *

சார், முதல் பதிவில் நீங்கள் சொன்ன டிராகட் ஷெல்லைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் குழுவில் அதிகம் பார்த்தது அதுதான். எல்லாமே விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெஷின்கள்.

விஎம்வேர் என்ற விர்ச்சுவல் தளத்தில் ராக்கி லினக்ஸ் ஒன்றைச் சுத்தமாக இன்ஸ்டால் செய்து டெம்ப்ளேட்டாக வைத்திருந்தோம். பிறகு அதைக் கேவிஎம் என்ற இன்னொரு விர்ச்சுவல் தளத்துக்குக் கொண்டுபோனோம். கிரப் வருகிறது, கர்னல் வருகிறது, அப்புறம் "டிராகட் இனிட்கியூ டைம்அவுட்" என்ற வரி மேலிருந்து கீழ் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடம் கழித்து ரூட் டிவைஸ் இல்லை என்று சொல்லி ஷெல்லில் விட்டுவிடுகிறது. அந்த ஷெல்லில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டிஸ்க்கைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் அமைப்பு கெட்டுப்போயிற்று என்று எங்களில் பாதிப் பேர் பயந்துவிட்டார்கள்.

கெடவில்லை. ரெட்ஹேட் குடும்பத்தில் டிராகட், எந்த மெஷினில் இன்ஸ்டால் நடந்ததோ அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் பொட்டலத்தில் கட்டும். வெளியூர்க் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாளுக்கான துணியை எடுத்துப் போகிற மாதிரி. விஎம்வேரின் ஸ்கசி டிஸ்க் டிரைவர் உள்ளே இருந்தது. கேவிஎம்மில் டிஸ்க் தெரிய வேண்டுமானால் விர்ட்ஐஓ டிரைவர் வேண்டும், அது உள்ளே இல்லை.

நிறைய பேர் கவனிக்காத ஒன்று கிரப் மெனுவின் கடைசியில் இருக்கிறது: ரெஸ்க்யூ என்ற வரி. இன்ஸ்டாலின்போதே உருவாகும் அந்தப் பொட்டலத்தில் மட்டும் எல்லா டிரைவர்களும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தோம், நேராக லாகின் வந்தது. உள்ளே போய் டிராகட்டை ஓட்டி எல்லாப் பொட்டலங்களையும் புதிதாகக் கட்டினோம். டெம்ப்ளேட்டில் இப்போது டிராகட்-கான்ஃபிக்-ஜெனரிக் என்ற பேக்கேஜையும் சேர்த்துவிட்டோம். அது இருந்தால் எப்போதுமே பொதுவான பொட்டலம்தான் கட்டப்படும். கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

2024 ஜூன் 30ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு முடிந்தபோது எங்களுக்கு இன்னொரு தலைவலி. அதற்கு மாற்றாக அல்மா 9, ராக்கி 9 இன்ஸ்டாலரைப் பழைய பிராக்ஸ்மாக்ஸ் (கேவிஎம்மை நிர்வகிக்கும் தளம்) ஒன்றில் கிளப்பினால் கர்னல் பேனிக், அதாவது கர்னல் அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு மேலே, சிபியு எக்ஸ்86-64-வி2 என்ற கட்டளைத் தொகுப்பு நிலையை ஆதரிக்கவில்லை என்று, நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியே தெளிவாக ஒரு வரி எழுதியிருந்தது. நிஜ சிபியு புதிதுதான். விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்திருந்த சிபியு வகை கேவிஎம்64, அதில் எஸ்எஸ்ஈ 4.2 போன்ற கட்டளைகள் காட்டப்படாது. வகையை ஹோஸ்ட் என்று மாற்றியதும் வந்துவிட்டது. பிராக்ஸ்மாக்ஸ் 8லிருந்து புதிய மெஷின்களுக்கு இயல்பாகவே வி2 வகை வருகிறது. ஆனால் பழைய மெஷினைக் குளோன் செய்தால் பழைய வகைதான் கூடவே வரும், அதைப் பாருங்கள். ரெட்ஹேட் 10 இன்னும் ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. பழைய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அல்மா 10இல் வி2வுக்கான தனிப் பதிப்பு இருக்கிறது.

* * *

என்னுடையது சின்ன அனுபவம். ஜிபியு கார்டு போட்ட சர்வர், இன்ஸ்டால் முடிந்து ரீபூட் ஆனதும் திரை கறுப்பு. கூட இருந்தவர் பவரை அணைக்கக் கையை நீட்டிவிட்டார். "ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து பிங் செய்தேன். பதில் வந்தது, தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச்சிலும் உள்ளே போக முடிந்தது. சர்வர் முழுதாக எழுந்துதான் இருந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறியதும் படம் மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. கிரப்பில் "ஈ" விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், கிராஃபிக்ஸ் டிரைவரைத் திரை முறையை மாற்றவிடாத நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்ததும் திரையும் வந்தது.

ரேம் நிறைய உள்ள சர்வர்கள் முதல் தடவை மெமரியைச் சோதிக்கவே பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து ஓடும். பொறுங்கள்.

ஒரு சந்தேகம். ஒன்றின் நகலாக மற்றதை வைக்கும் மிரர் முறையில் போட்ட இரண்டு டிஸ்க்கில் முதல் டிஸ்க் போனால் சர்வர் பூட் ஆகுமா? இன்ஸ்டாலர் இரண்டிலும் பூட்லோடர் போடுகிறதா?

* * *

லேப் தம்பிக்கு: தப்பே இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். டிராகட் பற்றி எழுதிய சகோதரிக்கு நன்றி, ரெஸ்க்யூ வரியைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மிரர் கேள்வி முக்கியமானது. ஹார்டுவேர் ரெய்டாக இருந்தால் கன்ட்ரோலர் ஒரே டிஸ்க்காகக் காட்டும், கவலையில்லை. லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டில்தான் ஏமாறுவோம். ரூட் பார்ட்டிஷன் இரண்டிலும் அச்சு அசலாக இருக்கும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் பல நேரம் ஒரே டிஸ்க்கில் இருக்கும். அந்த டிஸ்க் போன அன்று டேட்டா பத்திரம், சர்வர் எழாது. ஃபர்ம்வேருக்கு ரெய்டு தெரியாது, ஃபேட் மட்டும்தான் தெரியும். மெட்டாடேட்டா 1.0 போட்டு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மிரர் செய்பவர்கள் உண்டு, அதில் ரெய்டு விவரம் பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதால் ஃபர்ம்வேர் சாதாரண ஃபேட்டாகப் படித்துவிடும். எனக்கு அது பிடிக்காது. ஃபர்ம்வேர் அந்தப் பார்ட்டிஷனில் ஏதாவது எழுதினால் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் எழுதும், இரண்டும் வேறுபட்டுவிடும். டிஸ்க்குக்கு ஒன்றாகத் தனித்தனி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து, இரண்டிலும் கிரப்பை எழுதுவதுதான் என் பழக்கம். உபுண்டு 20.04லிருந்து இதை பேக்கேஜே பார்த்துக்கொள்கிறது. பிராக்ஸ்மாக்ஸிலும் தனிக் கருவி இருக்கிறது.

இதையும் பாருங்கள்: எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்களுக்கு நோஃபெயில் என்று சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் போன பிறகு கிரப், கர்னல், ரூட் எல்லாம் வந்தும், சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி அந்த ஒரு பார்ட்டிஷனுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் விட்டுவிடும்.

சர்வரை ஒப்படைக்கும் முன் முதல் டிஸ்க்கைப் பிடுங்கி ஒருமுறை பூட் செய்து பாருங்கள், அப்புறம் இரண்டாவதை. நடுவில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டேட்டில் ரீசிங்க் (இரண்டு டிஸ்க்கையும் மறுபடி ஒன்றுபோல ஆக்குவது) முழுதாக முடிந்ததா என்று பார்க்காமல் அடுத்த டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.