அன்டர்ன்டு (ஜோம்பி சர்வைவல் வீடியோ கேம்): ஜோம்பி தொடாமலே இம்யூனிட்டி (நோய் எதிர்ப்பு) கரைஞ்சுக்கிட்டே போகுது, ஏன்?

மேப்பிள்கட்டை:
பி.இ.ஐ.ங்கிற தீவு மேப், நார்மல் மோடு, தனியாள் ஆட்டம். ஊருக்குள்ள நாலு ஜோம்பியை அடிச்சுட்டு காட்டுப் பக்கம் வந்துடுறேன். அதுக்கப்புறம் எதுவும் கிட்ட வரல, ஆனாலும் இம்யூனிட்டி பட்டை இறங்கிட்டே இருக்கு. அது 0 ஆனதும் உயிரும் குறையுது. கிடைக்கிற சாப்பாட்டை எல்லாம் தின்னாலும் உயிர் ஏற மாட்டேங்குது. இது கேம்ல இருக்கிற பக்-ஆ (பிழையா)?
அப்புறம், எக்ஸ்பியை (அனுபவப் புள்ளிகளை) முதல்ல எந்தத் திறன்ல போடறது? கூட ரெண்டு நண்பர்களும் ஆடணும்னு கேக்குறாங்க. என் தனியாள் உலகத்துக்குள்ள அவங்களைக் கூப்பிட முடியுமா?

சுத்தியல்22:
பக் இல்ல. அந்தப் பட்டைக்கு 50ங்கிறதுதான் எல்லைக்கோடு. அதுக்கு மேல இருக்கிற வரைக்கும் அடி வாங்கினாலோ, கெட்டுப்போனதைத் தின்னாலோதான் குறையும். 50க்குக் கீழ இறங்கிட்டா, நீங்க மரத்தடியில சும்மா நின்னாலும் தானாவே குறைஞ்சுக்கிட்டே போகும், திரும்ப ஏறாது. மருந்து போட்டு மறுபடியும் கோட்டுக்கு மேல கொண்டுவரணும். ஆன்டிபயாட்டிக்ஸ், வாக்சின் ரெண்டும் இதுக்குத்தான். கையில ஒண்ணுதான் இருக்குன்னா 90ல இருக்கும்போது போட்டு வீணாக்காதீங்க, 100க்கு மேல ஏறாது. 50ஐ நெருங்கும்போது போடுங்க.

உங்க கேஸ்ல ஜோம்பியைவிட சாப்பாட்டு மேலதான் எனக்குச் சந்தேகம். இன்வென்டரியில ஒவ்வொரு உணவுக்கும் ஒரு சதவீதம் இருக்கும், அதைப் பாக்காம வாயில போடாதீங்க. 50%க்குக் கீழ இருந்தா அது ஊசிப்போனது. பசி கொஞ்சம் அடங்கும், ஆனா இம்யூனிட்டியைக் கடிக்கும். 48%னா பெருசா தெரியாது, 10%னா நல்லாவே தெரியும். அதுலயும் வயிறு நிறைய வேண்டிய பெரிய ஐட்டமா இருந்தா அடியும் பெருசு. தரம் குறையக் குறைய பசியாத்துற அளவும் குறையும், ஆக ரெண்டு பக்கமும் நஷ்டம். பச்சைக் கறியும் அப்படித்தான், கேம்ப்ஃபயர் பக்கத்துல நின்னு சமைச்சுட்டுத் தின்னுங்க. சில சமையலுக்கு குக்கிங் திறன் கேக்கும்.

உயிர் ஏறாததுக்குக் காரணம் வேற. நார்மல்ல பசி, தாகம் ரெண்டுமே 90க்கு மேல இருந்தாத்தான் உயிர் தானா ஏறும். 85, 85னு வெச்சுக்கிட்டு காத்திருந்தா ஒண்ணும் நடக்காது. பல பேர் சாப்பாட்டை மட்டும் கவனிச்சுட்டு தண்ணியை விட்டுடுவாங்க.

நிலையான தீர்வு விவசாயம்தான். பிளான்டர் (செடி வளர்க்கிற பெட்டி) செஞ்சு கேரட்டோ தக்காளியோ போடுங்க. பறிச்சதுமே முழுத் தரத்தோட கைக்கு வரும், சதவீதக் கவலையே இல்ல. உரம் போட்டா உடனே விளைஞ்சுடும், ஆனா அதை அவசரத்துக்கு வெச்சுக்குங்க.

பச்சைச்சட்டை:
மேல சொன்னது எல்லாம் சரி. திறன் பத்தி நான் சொல்றேன். நிறைய பேர் எடுத்ததும் இம்யூனிட்டி திறன்ல எக்ஸ்பியைக் கொட்டச் சொல்வாங்க. என் கணக்குல அது ரெண்டாம்பட்சம். நோய் வந்தப்புறம் கொஞ்சம் குறைச்சுக்கிறதைவிட அடியே வாங்காம இருக்கிறது லாபம். முதல்ல ஸ்னீக்கிபீக்கி (பேரு சிரிப்பா இருந்தாலும் வேலை உருப்படியானது), அடுத்து கார்டியோ. முதலாவது உங்களை ஜோம்பி கவனிக்கிற தூரத்தைக் குறைக்கும், ரெண்டாவதால ஸ்டாமினா (ஓட, அடிக்க வேண்டிய தெம்பு) சீக்கிரம் திரும்பும்.

ஊருக்குள்ள எக்ஸ் அழுத்திக் குனிஞ்சே நடங்க. பின்பக்கமா போய் தலையில வலது க்ளிக் பலத்த அடி. அது ஸ்டாமினாவைத் தின்னும், அதனால ஓடி வந்த மூச்சோட அடிக்கப் போகாதீங்க. சைலன்சர் இல்லாத துப்பாக்கியை ஊருக்கு நடுவுல சுட்டா சுத்துவட்டாரமே திரும்பிப் பாக்கும்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது: ஜோம்பி அதோட ஊர் எல்லையைத் தாண்டாது. அஞ்சாறு துரத்தினா சண்டை போடாம ஊருக்கு வெளிய ஓடுங்க, எல்லை தாண்டினா விட்டுடும். வீடு கட்டும்போதும் இதே கணக்குதான். ஊரை ஒட்டி இல்லாம கொஞ்சம் தள்ளிக் கட்டினா ராத்திரி எதுவும் கதவைத் தட்டாது. முழு நிலா ராத்திரியில மட்டும் ஊர்ப்பக்கமே போகாதீங்க, அன்னைக்கு எல்லாமே வெறியோட இருக்கும். சம்மர்சைடு ராணுவத் தளத்துக்கு நல்ல துப்பாக்கி ஆசையில இப்பவே போகாதீங்க, அங்க இருக்கிற மெகா ஜோம்பி தூரத்துல இருந்தே பாறாங்கல்லைத் தூக்கி எறியும்.

இரவுரோந்து:
மூணாவது கேள்விக்கு: தனியாள் உலகத்துக்குள்ள யாரையும் அழைக்க முடியாது. தனியா சர்வர் (எல்லாரும் சேர்ந்து ஆடுற உலகத்தை நடத்துற புரோகிராம்) ஓட்டணும், அதுக்குக் காசு கிடையாது. ஸ்டீம் லைப்ரரியில டூல்ஸ் பிரிவுக்குப் போனா அன்டர்ன்டு டெடிகேட்டட் சர்வர் இருக்கும். ஸ்டீம்சிஎம்டி (கட்டளை டைப் பண்ணி இறக்குற ஸ்டீம் கருவி) வழியா இறக்குறவங்களுக்கு ஆப் எண் 1110390, அனானிமஸ் லாகினே போதும்.

உள்ள எக்ஸாம்பிள்சர்வர்னு ஒரு பேட்ச் கோப்பு இருக்கும், அதை ஒருமுறை ஓட்டி மூடினா சர்வர்ஸ் ஃபோல்டர் உருவாகும். அதுல கமாண்ட்ஸ் கோப்பைத் திறந்து வரிக்கு ஒண்ணா பெயர், மேப், மோடு, பாஸ்வேர்டு எழுதுங்க. நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்க வேண்டாம்னா பிவிஇ (ஆட்டக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் தாக்க முடியாத மோடு) வரியும் சேருங்க.

சர்வர் ஓடினதும் கன்சோல்ல (அந்தக் கறுப்பு ஜன்னல்ல) சர்வர் கோடு (சர்வரோட அடையாள எண்) வரும், அதை அனுப்பினா நண்பர்கள் கனெக்ட் திரையில போட்டு உள்ள வரலாம். இந்த வழியில ரவுட்டர்ல போர்ட் திறக்க வேண்டியதில்ல. ஐபி முகவரி வெச்சுத்தான் சேரணும்னா 27015, 27016 ரெண்டும் திறந்திருக்கணும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அந்த சர்வர் கோடு மாறும். மாறாம இருக்க ஸ்டீம்ல கேம் சர்வர் லாகின் டோக்கன் எடுத்துப் போடணும். டோக்கன் எடுக்கும்போது கேட்கிற எண் சர்வரோட எண் இல்ல, ஆட்டத்தோட எண்: 304930. இதை மாத்திப் போட்டுட்டு வேலை செய்யலைன்னு வர்றவங்கதான் அதிகம்.

நிறுத்தும்போது ஜன்னலோட பெருக்கல் குறியை அழுத்தாதீங்க. ஷட்டவுன்னு டைப் பண்ணி நிறுத்துங்க, இல்லைன்னா கடைசி சேவுக்கு அப்புறம் கட்டினது எல்லாம் போயிடும்.

மேப்பிள்கட்டை:
டின் எல்லாம் பாத்தேன், பெரும்பாலும் 20, 30%தான். மூணு பேரும் சர்வர்ல ஒருத்தர் செத்தா அவர் பொருளை மத்தவங்க எடுத்து வெக்கலாமா?

சுத்தியல்22:
எடுக்கலாம், சீக்கிரம் எடுக்கணும். வழக்கமான அமைப்புல கீழ விழுந்த பொருள் 10 நிமிஷத்துல மறைஞ்சுடும். அதனால மூணு பேரும் ஆளுக்கொரு படுக்கை போட்டு க்ளெய்ம் பண்ணி வெச்சுக்குங்க. இல்லைன்னா தீவோட எந்த மூலையில எழுந்திருப்பீங்கன்னே சொல்ல முடியாது, நடந்து வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும்.