வலப்பக்க கியர் ஷிஃப்டர் பிடிக்கவில்லை, வீட்டிலேயே மாற்ற முடியுமா?

செயின்சத்தம்:
அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள், இப்போது என் மகள் ஓட்டுகிறாள். முன்னால் 3, பின்னால் 7, ஷிமானோ. கட்டைவிரலால் அழுத்தும் வகை ஷிஃப்டர். போன மாதம்வரை ஒழுங்காக இருந்தது. இப்போது வலப்பக்கத்துப் பெரிய லீவரை அழுத்தினால் 'டக்' என்ற சத்தமே இல்லை, உள்ளே எதையும் பிடிக்காமல் தொளதொளவென்று போய் வருகிறது. செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்திலேயே நின்றுவிட்டது. மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறாள். பார்க்க மனசு கேட்கவில்லை.

ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமா? 8 கியர் ஷிஃப்டர் கிடைத்தால் பொருந்துமா? பஞ்சர் ஒட்டத் தெரியும், பிரேக் கட்டை மாற்றியிருக்கிறேன். கியர் பக்கம் கை வைத்ததே இல்லை.

பழையசக்கரம்:
வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். நெடுநாள் ஓடிய ஷிஃப்டருக்குள் கிரீஸ் இறுகி மெழுகு மாதிரி ஆகிவிடும். பல்லைப் பிடிக்க வேண்டிய சின்னக் கொக்கி அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மேல் மூடியை மட்டும் கழற்றி டபிள்யூடி-40 தாராளமாக அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, லீவரை ஐம்பது அறுபது தடவை அழுத்துங்கள். பிடித்துக்கொண்டால் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மூடிவிடலாம். அதற்கு உள்ளே மட்டும் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

மூன்றுசைக்கிள்வீடு:
எங்கள் வீட்டில் மூன்று சைக்கிளுக்கும் நானே மாற்றியிருக்கிறேன். தாராளமாகச் செய்யலாம். 5 மி.மீ. ஆலன் கீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், நல்ல கேபிள் கட்டர் போதும். கட்டர் மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். சாதாரணக் குறடால் வெட்டினால் கம்பி பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடும், எதற்குள்ளும் நுழையாது.

மகள் மேட்டில் தள்ளிக்கொண்டு வர வேண்டாம், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பின்பக்கக் கியர் மாற்றியில் (செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளும் கை) 'ஹெச்' என்று குறித்த ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் செயின் இரண்டாவது, சில சமயம் மூன்றாவது சக்கரத்துக்கு ஏறி அங்கேயே நிற்கும். புது ஷிஃப்டர் மாட்டும்போது மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். எத்தனை சுற்று முறுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வாங்கும்போது முதலில் பின்னால் உள்ள பல்சக்கரங்களை எண்ணுங்கள், அடுத்தது கேபிள் இழுவை. ஷிமானோவில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் கியர் மாற்றி சுமார் 1.7 மி.மீ. நகரும். ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் 1:1 வகையில் 1.1 மி.மீ.தான். கலந்து மாட்டினால் எவ்வளவு திருகினாலும் கியர் சரியாக உட்காராது. 8 கியர் ஷிஃப்டர் ஏறக்குறைய பொருந்தும், ஏனென்றால் 7-இல் சக்கரத்துக்குச் சக்கரம் 5 மி.மீ., 8-இல் 4.8 மி.மீ. ஆனால் ஒரு கிளிக் சும்மா கிடக்கும். 7 கிடைக்கும்போது 7-ஏ வாங்குங்கள்.

பிரேக் லீவரைத் தனியாக வாங்குவதே என் கட்சி. ஒன்று போனால் மற்றது தப்பிக்கும். ஆனால் உங்களுடையது வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் நீளக் கைகள் நின்று அழுத்தும் வகை) என்றால் வி-பிரேக் லீவர்தான் வேண்டும். பழைய கேலிப்பர் வகை லீவர் கேபிளைக் குறைவாக இழுக்கும், கட்டை ரிம்மை நன்றாக அழுத்தாது. குழந்தை ஓட்டும் வண்டி, இதில் சமாதானமே வேண்டாம்.

பழைய ஷிஃப்டரை உருவக் கைப்பிடி ரப்பரைக் கழற்ற வேண்டும். ரப்பருக்குள் மெல்லிய குச்சியை நுழைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் விடாதீர்கள், பிறகு ஓட்டும்போது கையோடு சுழலும்.

கேபிளை அவிழ்க்கும் முன் கியர் மாற்றியின் போல்ட்டைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். கேபிள் படிய அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். முதல் சைக்கிளில் நான் போல்ட்டுக்கு மறுபக்கம் வைத்து இறுக்கிவிட்டேன். முதல் இரண்டு கியர் சரியாக விழும், நடுவில் தடுமாறும். இரண்டு மாலை போனது, பள்ளத்தில் வைத்ததும் ஒரே நிமிடத்தில் சரியானது.

மாட்டும் முறை: ஷிஃப்டரைக் கடைசி கிளிக்வரை விடுங்கள், செயின் சின்னச் சக்கரத்தில் இருக்கட்டும். கேபிள் திருகியை (கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன உருளை) முழுக்க உள்ளே முறுக்கி ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். அப்புறம் பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு கிளிக். செயின் ஏறவில்லை என்றால் திருகியை இடஞ்சுழியாக அரைச் சுற்று. ஏறும்வரை இப்படியே.

செயின்சத்தம்:
எண்ணெய் வைத்தியத்தில் இரண்டு நாள் பிடித்தது, மூன்றாம் நாள் மறுபடி தொளதொள. கொக்கி தேய்ந்தே போயிருக்கிறது. 7 கியர் ஷிஃப்டரும் வி-பிரேக் லீவரும் தனித்தனியாக வாங்கி மாட்டிவிட்டேன். பெரிய சக்கரத்துக்கு உடனே ஏறுகிறது. சின்னதுக்கு இறங்கத்தான் தாமதம், இரண்டு மூன்று சுற்று மிதித்த பிறகே விழுகிறது. திருகியால் சரிசெய்தால் ஏறுவது கெடுகிறது.

பழையசக்கரம்:
ஏறும்போது உங்கள் விரல் இழுக்கிறது. இறங்கும்போது கியர் மாற்றியின் ஸ்பிரிங் மட்டும்தான் இழுக்கிறது. கேபிள் எங்கோ உரசுகிறது. பின்சக்கரத்தருகே வளைந்து வரும் கடைசித் துண்டு அவுட்டரையும் (கேபிள் உள்ளே ஓடும் வெளிக்குழாய்) மாற்றினீர்களா? அழுக்கும் தண்ணீரும் அதில்தான் இறங்கும். கியருக்கென்று விற்கும் 4 மி.மீ. அவுட்டர் வாங்குங்கள், பிரேக் அவுட்டர் வேண்டாம். வெட்டிய பிறகு உள்ளே நசுங்கியிருக்கும் வாயை ஊசியால் திறந்துவிடுங்கள்.

செயின்சத்தம்:
அதுவேதான்! அந்தத் துண்டை மட்டும் பழையதாகவே விட்டிருந்தேன். உள்ளேயிருந்து செந்நிறத் துரு பொடியாகக் கொட்டியது. புதுத் துண்டு, ஊசியால் வாய் திறந்து, முனைக்கு மூடி போட்டு மாட்டினேன். இப்போது ஏழும் 'டக் டக்' என்று இறங்குகின்றன. நேற்று அந்த மேட்டில் மகள் இறங்கவே இல்லை, மேலே போய் நின்று திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இடப்பக்க ஷிஃப்டர் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் பிடிக்கிறது. அதற்கு இந்த வாரம் எண்ணெய் வைத்தியம் மட்டும் செய்யப் போகிறேன்.