கல்யாண மேளம்: 25,000 பேசினாலும் செட் நடத்துகிறவர் கையில் 2,500தான். கணக்கில் எங்கே ஓட்டை?

புது_நாயனம்:

எல்லோருக்கும் வணக்கம். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருட நாதஸ்வரப் படிப்பு முடிந்தது. கும்பகோணம் – மயிலாடுதுறைப் பக்கம் சொந்தமாக செட் நடத்த ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். நாயனம் (நாதஸ்வரம்) இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று என ஐந்து பேர். பேசுகிற தொகை 25,000.

தவிலுக்கு ஆளுக்கு 5,000 வீதம் 10,000
இரண்டாவது நாயனம் 4,500
தாளம் 1,500
வேன் 3,500
மண்டபத்தில் புக்கிங் பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து சதவீதம், 2,500
வழிச் சாப்பாடு, டீ 500

ஆக 22,500. மிச்சம் 2,500. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற இரண்டாம் நாயனத்துக்கு 4,500, பார்ட்டியிடம் பேசி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவருக்கு 2,500. சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி), வேட்டி சட்டை, போன் செலவு எல்லாம் அதற்குள்ளேதான். ரேட்டை ஏற்றினால் பார்ட்டி செண்டை மேளம் பக்கம் போய்விடுகிறது. ஆளைக் குறைக்கலாமா? ஆடி, புரட்டாசி, மார்கழிக்கு என்ன வழி? ஏசி மண்டபத்தில் சுருதி நிற்காததற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

தாளக்_கணக்கு:

தம்பி, கூட்டல் சரி. தலைப்பிலேயே தப்பு இருக்கிறது. "ஒரு கல்யாணம்" என்று மொத்தமாகப் பேசுவதில்தான் ஓட்டை. வேளைக் கணக்கில் பேசுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஒரு வேளை, முகூர்த்தம் ஒரு வேளை, வரவேற்பில் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் அது தனி வேளை. வேன் வாடகையை வாசிப்புத் தொகைக்குள் அடக்கவே கூடாது. "வண்டிச் செலவு உங்களுடையது, இத்தனை கிலோமீட்டர்" என்று தனியே சொல்லுங்கள். உங்கள் கணக்கில் இது ஒன்றை மாற்றினாலே 2,500 என்பது 6,000 ஆகிவிடும். வாசிப்புக்கு மட்டும் 25,000 என்றால் முகம் சுளிக்கிற பார்ட்டிகூட வண்டி வாடகைக்குப் பெரிதாகப் பேரம் பேசாது. அது தங்கள் வீட்டுச் செலவு மாதிரி தெரியும்.

அச்சாரம் வாங்கிய அன்றே வாட்ஸ்அப்பில் இவ்வளவும் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, மண்டபம், அழைப்பு எந்தக் கோயிலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், காலையில் எத்தனை மணிக்கு மங்கள இசை, முகூர்த்த நேரம், எத்தனை மணியோடு வாசிப்பு முடியும், தங்க அறை, மைக் யாருடையது, மீதிப் பணம் யார் கையால் வரும். கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் காட்டுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் "அதெல்லாம் அவங்க பார்த்துக்கிறதா பேச்சு" என்பார்கள். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடக்கிறபோதே மீதியை வாங்கிவிட வேண்டும். மண்டபத்துக் கணக்கை முடித்துப் பாத்திரம் ஏற்ற ஆரம்பித்த பிறகு மேளக்காரர் ஞாபகம் யாருக்கும் இருக்காது.

முடியும் நேரம் எழுதாவிட்டால் என்ன ஆகும்? காலை 9 மணி முகூர்த்தம், பத்தரைக்குக் கிளம்பலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நலங்கு, ஊஞ்சல், சம்பந்தி மரியாதை என்று ஒரு மணியாகும். அதே நாள் சாயங்காலம் தவில்காரருக்கு வேறு ஊரில் அழைப்பு இருந்தால் பாதியில் எழுந்து போவார், கெட்ட பெயர் உங்களுக்கு.

அச்சாரத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காரணத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்: அதே முகூர்த்த நாளுக்கு நீங்களும் தவிலுக்கு முன்பணம் கொடுத்துத்தான் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

கமிஷனை ஒழிக்க முடியாது. மண்டபம், பந்தி, மேடை அலங்காரம், மேளம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பத்து சதவீதம் வாசிப்புத் தொகைக்கு மட்டும்தான், வண்டிக்கும் தங்கும் செலவுக்கும் கிடையாது என்று பேசி வையுங்கள். இன்னொன்று, பேக்கேஜ்காரர் பார்ட்டியிடம் என்ன தொகை சொன்னார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் பெண்ணின் தாய்மாமன் வந்து "நாப்பதாயிரம் வாங்கிட்டு இவ்வளவுதான் வாசிப்பீங்களா?" என்பார்.

---

வலந்தலை:

ஆளைக் குறைப்பது பற்றி. நிறையப் பேர் முதலில் கைவைப்பது தாளக்காரர் மேல். 1,500 மிச்சம், மின் சுருதிப்பெட்டி இருக்கிறது, தாளத்தை யாராவது போட்டுக்கொள்ளலாம் என்று. அதுதான் நஷ்டமான சிக்கனம். இன்றைய கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் மணவறையைச் சுற்றி வீடியோக்காரர்கள் நிற்பார்கள், உட்கார்ந்திருப்பவருக்குப் புரோகிதர் கையே தெரியாது. கெட்டி மேளத்துக்குச் சைகை பார்த்துச் சொல்ல எழுந்து நிற்க முடிகிற ஒரே ஆள் தாளக்காரர். தாலி ஏறி அரை நிமிஷம் கழித்து மேளம் கொட்டினால் ஊரில் அடுத்த புக்கிங் இல்லை. பையைப் பார்த்துக்கொள்வது, மீதிப் பணம் கேட்டு நிற்பது எல்லாம் அவர்தான்.

இரண்டாவது நாயனத்தையும் எடுக்காதீர்கள். விடியற்காலை நாலரையிலிருந்து பத்தரை வரை ஒரே ஆள் ஊதினால் எட்டு மணிக்கு மேல் உதடு விட்டுவிடும், தாலி கட்டும்போது மேல் ஸ்தாயி எட்டாது. வேண்டுமானால் வேளை பார்த்து தவிலைக் குறைக்கலாம். ஊர்வலத்துக்கு இரண்டு கண்டிப்பாக வேண்டும், ஒற்றைத் தவில் பட்டாசுச் சத்தத்தில் காணாமல் போகும். நூறு பேருக்குள் கோயிலிலேயே நடக்கிற கல்யாணத்துக்கு ஒரு தவில் போதும். அதற்குத் தனி ரேட் வையுங்கள். ஐந்து பேர் ரேட்டைக் குறைத்துத் தருவதாகப் பேசாதீர்கள். ஒரு தெருவில் ஒருமுறை குறைத்த ரேட் அந்தத் தெரு முழுக்க நிலைத்துவிடும்.

தவிலுக்கு 5,000 என்று எல்லா நாளுக்கும் போட்டிருக்கிறீர்கள். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் எல்லா செட்டுக்கும் அதே நாளில் ஆள் வேண்டும், அன்றைக்கு அந்தத் தொகைக்கு யாரும் வரமாட்டார்கள். பஞ்சாங்கம் வந்ததும் அப்படிப்பட்ட நாட்களைக் குறித்துக்கொண்டு, பார்ட்டிக்குச் சொல்லும் தொகையையும் அந்த நாட்களுக்கு ஏற்றிச் சொல்லுங்கள். மற்ற நாளில் ஒரே தவில் ஜோடியையே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி மாற்றினால் இரண்டு தவிலும் சேராது, சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

தவில் பக்கத்தில் கெடுவது தோல். மழை நாளில், பனியில் வலந்தலை (தவிலின் வலப்பக்கம்) தொய்ந்துவிடும். ஏசியில் இறுகும். ஏசி மண்டபத்தில் சுருதி ஏற்றிய தவிலை அப்படியே மார்கழி ஒட்டிய பனியில் ஊர்வலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிஷத்தில் நாதம் போய்விடும். தோல் வாருக்குப் பதில் இப்போது இரும்புப் பட்டையும் போல்ட்டும் வந்துவிட்டதால் நின்ற இடத்தில் முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கமாக ஏற்றினால் தோல் அந்த ஓரத்தில்தான் கிழியும், அதுவும் கெட்டி மேளத்தில்தான் கிழியும். தோல் கட்டிய வளையம் ஒன்று கூடுதலாக வண்டியில் இருக்கட்டும். விரலில் மாட்டி அடிக்கும் கூடு இரண்டு செட். துணியும் பசையும் சுற்றிச் செய்த கூடு காய நேரம் எடுக்கும், அன்று காலையில் ஒட்டி அன்றே போட்டால் வாசிக்கும்போது கழன்றுவிடும்.

---

புது_நாயனம்:

நன்றி அண்ணே. தாளத்தை எடுக்கலாம் என்றுதான் யோசனை இருந்தது. விட்டுவிட்டேன். ஏசியில் நாயனம் பற்றி யாராவது?

---

கெண்டை_நூல்:

ஏசியில் இரண்டு வேறு கோளாறுகள் ஒன்றாக வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உலவுக்குள், அதாவது நாயனத்தின் மரக் குழலுக்குள் இருக்கும் காற்று. குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும், ஊத ஊத மூச்சுச் சூட்டில் ஏறும். சுருதிப்பெட்டி ஏறாது இறங்காது. அதனால் உள்ளே நுழைந்ததும் சேர்த்த சுருதி கால் மணியில் விலகிவிடும். மண்டபத்துக்குள் குறைந்தது பத்து நிமிஷம் ஊதிச் சூடான பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். சீவாளியைச் செருகும் சின்ன உலோகக் குழாயான கெண்டை உலவில் உட்காரும் இடத்தில் சுற்றிய நூலைக் கூட்டினால் கெண்டை வெளியே தள்ளி நின்று சுருதி இறங்கும், குறைத்தால் உள்ளே போய் ஏறும். அடியில் விரல் வைக்காமல் விடும் பிரம்ம சுர ஓட்டைகளில் மெழுகைத் தொடுவது கடைசி வழி. மேடையில் அதைச் செய்யாதீர்கள், எல்லா சுரமும் கலைந்துவிடும்.

இரண்டாவது, சீவாளி. ஏசிக் காற்றில் வாசிக்காத இடைவெளியில் காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். புரோகிதர் மந்திரம் நீளும்போது அதைச் சும்மா தொங்கவிடாமல் வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே இருங்கள். பழக்கிய சீவாளி ஆறாவது கையில் வேண்டும்: அதில் இரண்டு கொஞ்சம் அழுத்தமானது, வெளி ஊர்வலத்துக்கு, இரண்டு இளசானது, ஏசிக்கு. கடையிலிருந்து வாங்கி வந்த அன்றே புதுச் சீவாளியை மேடைக்கு எடுத்துப் போவது தற்கொலை. வீட்டுச் சாதகத்தில் சில நாள் ஊதி, குச்சி விட்டு வாயைத் திறந்து பழக்கியாக வேண்டும். சீவாளி செய்கிற கொறுக்கைத் தட்டை என்பது புல், ஒரே கட்டில் வாங்கினாலும் ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

வரவேற்பில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கக் கேட்டால்: இரண்டு கட்டை சுருதி நாயனம் என்றால் கீபோர்டில் டி, இரண்டரை என்றால் டி ஷார்ப். ஆனால் நாயனம் சரியாக அந்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். கீபோர்டுக்காரர் மாஸ்டர் டியூனை (கீபோர்டின் மொத்த சுருதியை நகர்த்தும் அமைப்பு) உங்களுக்குச் சேர்க்க வேண்டும், நீங்கள் அவருக்குச் சேரப் பார்த்தால் முடியாது. இதை மேடை ஏறும் முன்பே பேசி வையுங்கள். மைக்கை அணசுக்கு (நாயனத்தின் அடியில் விரிந்த வாய்) நேரே வைக்கச் சொல்லாதீர்கள், கீழ் சுரங்கள் மட்டும்தான் அதில் முட்டும். விரல் ஓட்டைகள் பக்கமாக, இரண்டு மூன்று அடி தள்ளி ஒன்று போதும்.

செலவு செய்வதென்றால் உலவில் செய்யுங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாயனம் உங்கள் பக்கத்து ஊரில்தான் கடைகிறார்கள். பழைய வீடுகளைப் பிரித்த ஆச்சா மரத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு என்றால், பல பத்தாண்டு காய்ந்த மரம் இனி வெடிக்காது, வளையாது. விலை குறைவென்று பச்சை மரத்தில் கடைந்ததை வாங்கினால் முதல் கோடையிலேயே சுரம் நகரும்.

---

மல்லாரி:

மாதங்கள் பற்றி யாரும் பேசவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பு, பால்குடம், தீமிதி. புரட்டாசியில் பெருமாள் கோயில் சனிக்கிழமைகளும் நவராத்திரியும். மார்கழியில் விடியற்காலைத் திருப்பள்ளியெழுச்சி. எல்லாமே சின்னத் தொகைதான். இதற்கு ஐந்து பேர் போனால் கட்டாது, நாயனம் ஒன்று தவில் ஒன்று. ஆனியிலேயே போய்த் திருவிழாக் கமிட்டியைப் பார்க்க வேண்டும், ஆடி பிறந்த பிறகு போனால் பேசி முடித்திருப்பார்கள். பென்டிரைவில் மங்கள இசையும், மோட்டாரில் ஓடும் மேளமணி யந்திரமும் வைத்த கோயிலில் தினப்படி வேலை கிடைக்காது. ஆனால் அங்கேயும் சுவாமி புறப்பாட்டுக்கு ஆள் தேவை. யந்திரம் வீதியில் நடந்து வராது.

எல்லாவற்றையும் விட நல்லது கும்பாபிஷேகம். யாகசாலை நாட்களோடு முடித்துக்கொள்ளாமல், அதன்பின் வரும் 48 நாள் மண்டலாபிஷேகத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். நாள் தொகை சின்னது, ஆனால் காலை வேலை மட்டும்தான், ஒன்றரை மாதம் நிச்சயம். இடையில் முகூர்த்தம் வந்தால் பதில் ஆள் அனுப்பலாம் என்பதையும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் பணியிடங்கள் உண்டு. அந்தந்தக் கோயில் அறிவிப்பாகத்தான் வரும், இசைப்பள்ளிச் சான்றிதழ் அங்கே பேசும். ஆகாசவாணியின் வாசிப்புத் தேர்வுக்கும் போங்கள். பி கிரேடு கிடைத்தாலே போதும், அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடும், கோயில் கமிட்டிக்கு அது பெரிய விஷயம்.

அரசு உதவியில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மத்திய அரசின் விஸ்வகர்மா கடன் திட்டத்தில் மேளக்காரர் சேரலாம் என்று சிலர் பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் 18 தொழில். பூமாலை கட்டுகிறவர், முடிதிருத்துகிறவர் உண்டு, இசைக் கலைஞர் இல்லை. கல்யாணத்தில் மாலைக்கு இடம் உண்டு, மேளத்துக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பார்க்க வேண்டியது தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம். அங்கே நலிந்த மூத்த கலைஞருக்கு மாத உதவி உண்டு, கருவி வாங்கவும் உதவி அறிவிப்பார்கள். உங்களுக்கு இப்போது வயதில்லை, ஆனால் கலைஞர் என்று நிரூபிக்கும் காகிதங்களை இன்றிலிருந்தே சேருங்கள்: பெயர் அச்சான திருவிழா நோட்டீஸ், கோயில் ரசீது, புகைப்படம். முப்பது வருடம் வாசித்தும் ஒரு நோட்டீஸ்கூட எடுத்து வைக்காதவர்கள்தான் அங்கே திண்டாடுகிறார்கள்.

---

புது_நாயனம்:

கடைசியாக இரண்டு. மலேசியக் கோயிலுக்கு ஆள் எடுப்பதாக ஒரு ஏஜென்ட், முதலில் சுற்றுலா விசாவில் போகலாம் என்கிறார். இன்னொன்று, கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமைத் தொகை கட்ட வேண்டுமா?

---

தாளக்_கணக்கு:

சுற்றுலா விசா என்றதும் போனை வைத்துவிடுங்கள். அதில் போய்ச் சம்பளத்துக்கு வாசிப்பது அங்கே குற்றம், மாட்டுவது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. வேலை அனுமதியும், கோயில் நிர்வாகத்தின் பெயரில் சம்பளம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எழுதிய ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகுதான் பேச்சு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோரைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பதிவுள்ளவர் வாங்கலாம் என்று சட்டம் வைத்த உச்சக் கட்டணம் 30,000, மேலே ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம் கேட்டால் பதிவே இருக்காது. பத்தாம் வகுப்புத் தேறாத தவில்காரரைக் கூட்டிப் போனால் அவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும், மலேசியாவுக்கு அந்த அனுமதி வாங்காமல் வேலைக்குக் கிளம்ப முடியாது.

---

கெண்டை_நூல்:

பாட்டுக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ). சமயச் சடங்கில் வாசிப்பதற்கு விலக்கு, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மண்டபத்தில் யாராவது மிரட்டினால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஓட்டல் விழா, கம்பெனி ஆண்டு விழா இதில் வராது. அங்கே உரிமம் நடத்துகிறவர் பொறுப்பு என்று உங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

யூடியூபில் போட்டால் இந்த விலக்கு செல்லாது. சினிமாப் பாட்டு வாசித்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகும். அதை வருமானமாகக் கணக்கில் எழுதாதீர்கள், விசிட்டிங் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், போன் நம்பர் முதல் பத்து விநாடியில் தெரியட்டும்.

---

புது_நாயனம்:

வண்டியைத் தனியாகப் பிரித்து, கமிஷனை 21,500க்கு மட்டும் போட்டு, அதே 25,000க்கு மறுபடி எழுதினேன். கமிஷனில் மிச்சம் 350தான். வண்டியை வெளியே எடுத்து வாசிப்புக்கு 25,000 நின்றால்தான் 6,000 வருகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு அப்படியே பேசிப் பார்க்கிறேன்.