வலக்கை ஆட்டக்காரனுக்கு இடத் தோளில் வலி: கோல்ஃப் ஆட எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி:
எனக்கு வயது 52. கோவையில் வாரம் இரு நாள் 18 குழிகளும் ஆடுகிறேன். மூன்று மாதங்களாக, மட்டையைப் பின்னே முழுதாக உயர்த்தும்போது இடத் தோளின் உச்சியில் வலி எடுக்கிறது. பந்து இன்னும் தொலைவு போகட்டும் என்று ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சி) எடையைக் கூட்டிக்கொண்டே வந்தேன். தூரம் கூடவில்லை, வலிதான் கூடியது. வலக்கை ஆட்டக்காரனான எனக்கு இடத் தோள் வலிப்பது ஏன்? ஆட்டத்தை விடாமல் தோளை வலுப்படுத்த முடியுமா?

பதில் 1:
நான் பிசியோதெரபிஸ்ட். வலக்கை ஆட்டக்காரர்களுக்குத் தோள் காயம் பெரும்பாலும் இடப்பக்கமே வருகிறது. மட்டை உச்சிக்குப் போகையில் இடக்கை மார்பின் குறுக்கே இழுபட, காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் மூட்டு நெருக்கப்படுகிறது. உங்கள் வலி அங்கிருந்து வரலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பியை நெஞ்சுவரை இறக்குவதும் அதே மூட்டை அழுத்துவதால், அதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

மட்டைக்கு வேகம் கொடுப்பவை மார்பிலும் முதுகிலும் உள்ள பெரிய தசைகள். ஆனால் கை எலும்பின் தலையைத் தோள்குழியின் நடுவில் பிடித்து நிறுத்துபவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள். அவை தளர்ந்திருந்தால், பெரிய தசைகளைக் கூட்டக் கூட்ட மூட்டின் மீதுதான் சுமை ஏறும். முழங்கையை 90 பாகை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் இடையே மடித்த துண்டை வைத்துக்கொண்டு, ரப்பர் பட்டையை வெளிப்புறமாகவும் பிறகு உட்புறமாகவும் மெதுவாக இழுங்கள். 15 முறை வீதம் 3 சுற்று, வாரம் 3 நாள் போதும். பட்டையை வயிற்றை நோக்கி இழுக்கும் ரோயிங்கையும், சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை தோள்பட்டை எலும்பை நிலைப்படுத்தும். வலி எடுக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

பதில் 2:
ஐயா, எனக்கும் இதே வலி இருந்தது. என் குறை தோளில் மட்டும் இல்லை. மேல் முதுகும் இடுப்பும் திரும்பாததால், அந்தக் குறையை ஈடுகட்டக் கையை அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருந்தேன். மட்டையை முக்கால் அளவே உயர்த்தியும், நாள்தோறும் நாற்காலியில் அமர்ந்து முதுகை இருபுறமும் திருப்பியும் வந்தபின் வலி தணிந்தது. தூரம் நான் அஞ்சிய அளவுக்குக் குறையவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எத்தனை நாளில் பலன் தெரியும்?

பதில் 1:
தசை வலுப்பெறக் குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை டிரைவர் எனப்படும் நீண்ட மட்டையை எடுத்தவுடன் வீசாமல், சிறு மட்டைகளால் 10 நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுக்க முடியாமல் இரவில் வலித்தாலோ, கையைத் தூக்கவே வலுவில்லாமல் போனாலோ, பயிற்சியைத் தொடராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநார் கிழிந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.