வால் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது?

குழு: நம்ம குடும்பம்

கதிர் (டெக்சாஸ்): பெரியப்பா, சனிக்கிழமை என் சின்ன விமானம், செஸ்னா 172இன் மூக்குச் சக்கர டயரை மாற்றலாம் என்றிருக்கிறேன். மூக்கைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். பக்கத்து ஹேங்கர்காரர் (விமானக் கொட்டகைக்காரர்), "வாலில் இருக்கும் சின்ன இறக்கை, அந்த ஸ்டெபிலைசர் மேல் நாலு மணல் மூட்டையைப் போடு, மூக்கு தானே எழும்பும்" என்கிறார். செய்யலாமா?

சித்தி: டயரை நீயே மாற்றலாமாப்பா? மெக்கானிக் வேண்டாமா?

கதிர்: மாற்றலாம் சித்தி. பைலட் உரிமம் உள்ள சொந்தக்காரர் தானே செய்துகொள்ளக் கூடிய சின்ன வேலைகளுக்கு அமெரிக்க விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. டயர் அதில் இருக்கிறது. செய்ததை லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா: ஸ்டெபிலைசர் மேல் ஒரு மூட்டைகூட வேண்டாம் கதிர். பறக்கும்போது காற்று அந்தப் பரப்பு முழுவதும் பரவி அழுத்துகிறது. மூட்டை ஒரே இடத்தில் உட்காரும். மேல்தகடு நன்றாகத்தான் தெரியும், உள்ளே அதைத் தாங்கும் முன் சட்டத்தில் (ஸ்பார்) விரிசல் ஓடியிருக்கும். விமானத்தைத் திருப்புவதற்காக அதைக் கையால் அழுத்தி அழுத்தியே விரிசல் விட்ட 172கள் உண்டு.

கதிர்: அப்படியானால் எங்கே எடை கொடுப்பது?

பெரியப்பா: வாலுக்கு அடியில் கயிறு கட்டும் வளையம் இருக்கிறதே, அதில். புயல் காற்றில் விமானத்தைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே வைத்த வளையம் அது. நேர் கீழாக இழுத்தால் தாங்கும். உன் விமானத்தின் சர்வீஸ் கையேட்டை முதலில் படி. அதில் சொல்லாத இடத்தில் கை வைக்காதே.

முருகேசன் மாமா: எத்தனை கிலோ தேவைப்படும்?

நித்யா: நான் போட்டுப் பார்க்கிறேன் மாமா. கதிர் அண்ணா, வெறும் எடை எவ்வளவு? எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது?

கதிர்: சுமார் 750 கிலோ. மையம் 47 செ.மீ. முன்னால். பெரிய சக்கரத்திலிருந்து வால் வளையம் ஏறக்குறைய 4 மீட்டர்.

நித்யா: 750 × 0.47 = 352. அதை 4 ஆல் வகுத்தால் 88 கிலோ. இது மூக்கு எழும்ப மட்டும். டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் இன்னும் பத்துக் கிலோ. யாராவது முன்னால் நின்று ப்ரொப்பெல்லர் பக்கம் 40 கிலோ அளவுக்குச் சாய்ந்தால் அதற்கே 24 கிலோ வேண்டும்.

சித்தி: பூங்காவில் இருக்கும் சீசா மாதிரியா?

நித்யா: அதேதான் சித்தி. ஒரு பக்கம் மட்டும் ரொம்ப நீளம்.

பெரியப்பா: ஆகவே 90 கிலோ போதாது. 150க்குக் குறையாமல் வை. பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சின்ன விமானத்தில் இறக்கைக்கு அடியில் ஜாக் வைத்துத் தூக்கும்போது, வால் தாங்கிக்குச் சுமார் 250 பவுண்ட் எடை போடச் சொல்கிறது அதன் கையேடு. அதாவது 113 கிலோ. விமானத்துக்கு விமானம் மாறும்.

கதிர்: ஐந்து கேலன் வாளியில் கான்கிரீட் ஊற்றித்தான் இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

முருகேசன் மாமா: அந்த வாளி 19 லிட்டர். கான்கிரீட் போட்டால் 45 கிலோதான் வரும். மூன்று வாளியை ஒரே வளையத்தில் மாட்டினால் சங்கிலி மூன்று பக்கமும் சாய்வாக இழுக்கும். பழைய 55 கேலன் டிரம் ஒன்றை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டி ஊற்று. 160 கிலோ வரும், ஒரே கொக்கி போதும்.

கதிர்: டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் என்ன மாமா? வேலை முடிந்ததும் கொட்டிவிடலாம், நகர்த்தவும் சுலபம்.

பெரியப்பா: வேண்டாம். ஒரு சொட்டு ஒழுக்கு போதும். நீ சக்கரத்துக்கு அடியில் கையை வைத்திருக்கும்போது எடை குறைந்துகொண்டே வரும், உனக்குத் தெரியாது.

முருகேசன் மாமா: கான்கிரீட்டே போடு. கொக்கி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நேரான கம்பியை நட்டு வைத்தால் ஒருநாள் உருவிக்கொண்டு வந்துவிடும். தலையில் வளையம் உள்ள கனமான ஐ போல்ட் வாங்கு. வளையம் முழுதாக மூடியதாக இருக்க வேண்டும், வளைத்து விட்ட வகை வேண்டாம், பாரம் ஏறினால் விரியும். அடிமுனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, அதை இறுக்க மேலும் கீழும் ஒவ்வொரு நட்டு. தகடு கலவையின் அடிப்பாகத்தில் புதைய வேண்டும். ஊற்றிய பின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வை. அதற்கு முன் பாரம் ஏற்றாதே.

பெரியப்பா: வளையத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் நைலான் கயிறு கட்டாதே, இழுபடும். சங்கிலி, அதோடு திருகினால் நீளம் குறையும் ஒரு டர்ன்பக்கிள். பெரிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. வாலைக் கையால் இறக்கும்போது ரிவெட் வரிசை ஓடும் இடத்தில் அழுத்து, உள்ளே உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் (பல்க்ஹெட்) இருப்பது அங்கேதான். கொக்கியை மாட்டிவிட்டு டர்ன்பக்கிளைத் திருகினால் மூக்கு மெல்ல எழும்பும். டயர் தரையை விட்டால் போதும், அதற்கு மேல் தூக்காதே. அப்புறம் கதவில் "ஏறாதே" என்று எழுதி ஒட்டு. யாராவது பின் சீட்டில் ஏறினால் வால் உட்காரும், அதனால் வாலுக்கு அடியிலும் ஒரு தாங்கி வேண்டும்.

கதிர்: பலகை அறுக்க வைக்கும் நாலு கால் மரத் தாங்கி (மரக் குதிரை) ஒன்று இருக்கிறது. மேலே பழைய கார்ப்பெட் சுற்றி வைக்கலாமா?

பெரியப்பா: வைக்கலாம், ஆனால் பல்க்ஹெட்டுக்கு நேர் கீழே வை. இரண்டு பல்க்ஹெட்டுக்கு நடுவில் வைத்தால் தகடு குழிந்துவிடும். இன்னும் நல்லது, குழாய்க்குள் குழாய் போகிற மாதிரி ஒரு ஸ்டாண்ட். துளை போட்டுப் பின் செருகினால் மேலே போவதையும் தடுக்கும், கீழே வருவதையும் தடுக்கும். அடுத்த வருடம் எஞ்சினைக் கழற்றும்போது அதுதான் உன்னைக் காப்பாற்றும்.

நித்யா: எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் போனால் கணக்கே மாறிவிடுகிறது பெரியப்பா! எஞ்சின் 130 கிலோ, 2 மீட்டர் முன்னால் என்று வைத்தால் 260. ப்ரொப்பெல்லருக்கும் அதே மாதிரி எடையைத் தூரத்தால் பெருக்கினால் ஒரு 40. மொத்தம் 352இல் 50தான் மிச்சம். வால் பக்கம் 13 கிலோ கூடினாலே உட்கார்ந்துவிடும்.

பெரியப்பா: சரியாகப் பிடித்தாய். இன்றைக்கு வால் மேலே போகப் பார்க்கும், கீழே இழுத்துக் கட்டுகிறோம். எஞ்சின் இல்லாதபோது கீழே விழப் பார்க்கும், அடியில் தாங்க வேண்டும். எந்த வேலைக்கும் முன் அதைக் கேட்டுக்கொள் கதிர்.

சித்தி: டயர் இல்லாமல் பறக்க மாட்டாயே?

கதிர்: மாட்டேன் சித்தி. சனிக்கிழமை டிரம் வேலை மட்டும். கான்கிரீட் இறுகட்டும், டயர் அப்புறம்.

முருகேசன் மாமா: ஊற்றுவதற்கு முன் தகடும் நட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு கலவையைப் போடு.